சாம்பிள், முப்பத்தைந்து டாலர்

முன் சீட்டில் பச்சைப் புடவை கட்டின அம்மாவைப் பாருங்கள் சார். பெரியபாளையத்துக்கு மொட்டை போடப் போகிறார்கள். எப்படித் தெரியும் என்கிறீர்களா? மடியில் வேப்பிலை, பக்கத்தில் வீட்டுக்காரர் கையில் காலைக் கட்டின சேவல். சாயங்காலம் திரும்பும்போது அந்தப் பின்னல் இருக்காது. இருபத்திரண்டு அங்குலம். சாயம் பட்டதில்லை, நரை விழவில்லை, அடியிலிருந்து நுனி வரை ஒரே கனம். தப்பாக நினைக்காதீர்கள், பெண்களை வெறித்துப் பார்க்கிற ஆள் இல்லை நான். எனக்கு முடி மட்டும்தான் கண்ணில் படும். தொழில் அப்படி.

டோப்பா செய்கிற கம்பெனி சார். நாங்கள் டோப்பா என்று சொல்ல மாட்டோம், சொன்னால் முதலாளி கோபப்படுவார். பீஸ் என்போம். செங்குன்றத்தில் யூனிட். முப்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். செய்தார்கள்.

நீங்கள் ஆங்கிலப் பேப்பர் படிக்கிறதைப் பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தேன். பகலில் பஸ் ஏறி எனக்குப் பழக்கமில்லை, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, பேசாமல் உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். தூங்கக் கூடாது. பெரியபாளையம் தாண்டி மூன்றாவது ஸ்டாப்பில் இறங்க வேண்டும். அங்கே சுகுணா என்று ஒரு பெண். அவளிடம் ஒரு கையெழுத்து வாங்கி, நாளைக் காலை பத்து மணிக்குள் முதலாளி மேஜையில் வைக்க வேண்டும். வைக்கவில்லை என்றால் அந்த இடத்தில் என் பேர் போய் உட்காரும்.

போடுவாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. வேதாண்ணா சொன்னா சரி என்பாள். என் பேர் வேதாசலம்.

நான் படிச்சது எட்டாவதுதான் சார். இங்கிலீஷ் நானாகக் கற்றுக்கொண்டது. பதினாறு வருஷம் ஒரு லாட்ஜில் ராத்திரி வாட்ச்மேன். விழித்திருக்க ஏதாவது வேண்டுமே, நடைபாதையில் வாங்கின டிக்‌ஷனரியை முதல் பக்கத்திலிருந்து படிப்பேன். அந்த லாட்ஜுக்கு வந்து போகிறவர்தான் மகிபாலன், என் முதலாளி. ஒரு நாள் கேட்டார்: "ஏம்பா, உனக்கு ராத்திரி. அமெரிக்காவுல அது பகல். அங்கேருந்து பொம்பளைங்க கேள்வி கேட்டு எழுதறாங்க, பதில் எழுத ஆள் இல்லை. வர்றியா?" நான் எழுதின முதல் பதிலைப் படித்துவிட்டு, "கிராமர் கண்றாவியா இருக்கு, ஆனா மனசு இருக்குய்யா உன் எழுத்துல" என்றார். ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் எனக்கு அப்படி யாரும் சொன்னதில்லை.

கோயில்களில் ஏலம் எடுத்த முடி மூட்டையாக வரும். அலசி, சீவி, நீளம் நீளமாகப் பிரித்து, வலைத்தொப்பியில் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போடுவார்கள். ஒரு பீஸுக்கு அறுபது மணி நேரம். சுகுணா போட்டால் ஐம்பத்திரண்டு. அவள் போட்ட நெற்றி ஓரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் முளைத்த முடி மாதிரியே இருக்கும். கடை கிடையாது. இணையத்தில் படம் போடுவோம், அங்கே இருக்கிற அம்மாக்கள் பார்த்து நேராக எங்களிடம் வாங்குவார்கள். பாதிப் பேர் நோய் வந்து முடி கொட்டினவர்கள். விலை நானூற்று இருபது டாலர்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது சார். எண்ணூறு டாலருக்குக் கீழே பெட்டி வந்தால் வரி இல்லை, கேள்வி இல்லை. பெட்டி, லேபிள், விமானக் கூலி எல்லாம் சேர்த்து ஒரு பீஸை அனுப்ப எங்களுக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய். ஐந்தாம் நாள் வாசலில் போய் நிற்கும். போன ஆவணியில், மாதம் பாதியில், அதை எடுத்துவிட்டார்கள். எண்ணூறோ எட்டோ, எந்தப் பெட்டியானாலும் வரி. நம் நாட்டுச் சரக்கு என்றால் விலையில் பாதி. நானூற்று இருபதுக்கு இருநூற்றுப் பத்து. அதற்கு மேல் கூரியர்காரர்கள், உனக்காக நாங்கள் வரி கட்டினோமே, அதற்குக் கூலி என்று ஒரு இருபது டாலர். இரண்டாயிரத்து நானூறில் போய்க்கொண்டிருந்த பெட்டி இருபத்திரண்டாயிரத்தைத் தாண்டி நின்றது. ஒரே ராத்திரியில். அன்றைக்கு நான்தான் டியூட்டியில் இருந்தேன். திரையில் எண் மாறினதை நான்தான் முதலில் பார்த்தேன்.

சட்டத்தை மாற்றினது நானா? இல்லையே. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம், வாங்குகிறவர்களே கட்டட்டும் என்று விட்டோம். கூரியர் பையன் பெட்டியோடு கதவைத் தட்டி, அம்மா, இருநூற்று முப்பது டாலர் வரி என்று நீட்டினால் யார் வாங்குவார்கள்? பத்தொன்பது பெட்டியை வாசலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வந்த வசவு இருக்கிறதே, டிக்‌ஷனரியில் இல்லாத வார்த்தையெல்லாம் கற்றுக்கொண்டேன்.

முதலாளி கூப்பிட்டார். "வேதா, வரிய நம்ம கட்டினா லாபம் போச்சு. அவங்களைக் கட்டச் சொன்னா ஆர்டர் போச்சு. முப்பது பொம்பளைங்க நம்மள நம்பி இருக்காங்க. நீதான அந்த ஊர் ஆளு மாதிரி ராத்திரியெல்லாம் முழிச்சிருக்க, ஒரு வழி சொல்லு."

நான் மூன்று நாள் யோசித்தேன். சொன்னேன். வெட்கப்படவில்லை, சொல்கிறேன், கேளுங்கள். பெட்டிமேல் நானூற்று இருபது என்று எழுதினால்தானே பாதி வரி? "முடி, விற்பனைக்கு அல்ல, சாம்பிள், முப்பத்தைந்து டாலர்" என்று எழுதினால் வரி பதினேழரை. அதை நாமே கட்டிவிடலாம். வாங்குகிறவர்களிடம், வரி எங்கள் பொறுப்பு, வாசலில் ஒரு காசு தர வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் நம் கம்பெனி பேரில் அத்தனை வருஷம் நானூற்று இருபது என்று போயிருக்கிறது. திடீரென்று முப்பத்தைந்து என்றால் சந்தேகம் வரும். புதுப் பேர் வேண்டும். அதிலும் பெண் ஒருத்தி தானாக நடத்துகிற சின்னக் கம்பெனி என்றால் எங்கள் கூரியரில் அந்த இருபது டாலர் கூலி கிடையாது. அதையும் நான்தான் கண்டுபிடித்தேன். அவர்கள் விதிமுறையில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது. யார் சார் நாற்பத்தொன்றாம் பக்கம் வரை படிக்கிறார்கள்?

முதலாளி மேஜையைத் தட்டினார். "யார் பேர்ல போடலாம்?" என்றார்.

நான் சுகுணா என்றேன். யோசிக்கவே இல்லை. நல்லது ஒன்று வந்தால் அவளுக்குத்தான் வர வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம். புருஷன் விட்டுட்டுப் போய் ஆறு வருஷம். அம்மாவோடு இருக்கிறாள். மூன்று சென்ட் மனை, அதில் இரண்டு அறை வீடு. பத்து வருஷம் முடிச்சுப் போட்ட காசில் கட்டினது. தப்பாக நினைக்காதீர்கள் சார், எங்களுக்குள் ஒன்றும் கிடையாது. நான் வேலை முடிந்து கிளம்புகிற நேரம் அவள் உள்ளே வருவாள். "சாப்டீங்களாண்ணா?" என்பாள். அவ்வளவுதான். ஒன்பது வருஷம் அவ்வளவுதான்.

கூப்பிட்டுச் சொன்னபோது அவளுக்குப் புரியவில்லை. "எனக்கு எதுக்குண்ணா கம்பெனி? எனக்கு முடிச்சு போட மட்டுந்தான் தெரியும்."

"உன் பேர்ல பெட்டி அமெரிக்கா வரைக்கும் போகும்மா. முதலாளி ஆகப் போற."

"முதலாளி ஆனா சம்பளம் ஏறுமா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள், மகிபாலன் கூட. சிரிப்போடு சிரிப்பாக ஐந்நூறு ரூபாய் ஏற்றிக் கொடுத்தார். நான் சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்தது அது, அவளுக்கும் தெரியும். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் "சுகுணா ஹேர் ஆர்ட்ஸ்" என்று போர்டு மாட்டினோம். சந்தனம் குங்குமம் வைத்தாள். அம்மாவை அழைத்து வந்து காட்டினாள். அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, போர்டைத் தொட்டுப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. கூட வேலை செய்கிறவர்கள் விடுவார்களா? "முதலாளியம்மா, எனக்கு நாளைக்கு லீவு வேணும்." "முதலாளியம்மா, டீ எப்ப வரும்?" "அடிங்க, போயி வேலையப் பாருங்கடி, சம்பளத்தப் புடிச்சிடுவேன்" என்று இவளும் சொல்வாள். நல்ல நாள் சார் அதெல்லாம்.

ஆதார், பான், பேங்க் புத்தகம், வீட்டுப் பட்டா நகல், எல்லாம் நானே ஒரு பைக்குள் போட்டுக் கொண்டு போய் கூரியர் அலுவலகத்தில் பதிந்தேன். பட்டா எதற்கு என்று கேட்கிறீர்களா? புதுக் கணக்கு, ஜாமீனுக்கு ஏதாவது வேண்டும் என்றார்கள். சும்மா ஒரு சம்பிரதாயம்.

ஒவ்வொரு பெட்டி ஏறும்போதும் கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவர்கள் போனுக்கு ஆறு எண் வரும். அதைப் போட்டால்தான் லேபிள் அச்சாகும். நான் கூப்பிடுவேன். தூக்கத்தில் எடுப்பாள். "நாலு, ஒன்னு, ஒன்னு, ஏழு, சைபர், மூணு. சரியாண்ணா?" சரிம்மா, தூங்கு. எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இருநூற்றுப் பதினோரு பெட்டி. இருநூற்றுப் பதினோரு தடவை அந்தக் குரல். நம்பிக்கை என்றால் அதுதான் சார், வேறென்ன.

மூன்று மாதம் எல்லாம் சரியாகப் போனது. கார்த்திகை வரைக்கும். பெட்டிக்கு நாலாயிரத்தைத் தாண்டவில்லை செலவு. பக்கத்தில் இரண்டு யூனிட்டை மூடிவிட்டார்கள், நாங்கள் ஆள் எடுத்தோம். முதலாளி தீபாவளிக்கு எனக்கு ஒரு பேன்ட் துணி கொடுத்தார்.

அப்புறம் எவனோ ஒருத்தன் அங்கே சுங்கத்தில் ஒரு பெட்டியைத் திறந்துவிட்டான்.

திறந்தால் என்ன இருக்கும்? பீஸ் இருக்கும். பீஸுக்கு மேலே ஒரு அட்டை இருக்கும். உத்தரவாத அட்டை. "உங்கள் கூந்தலை முடிந்தவர் சுகுணா. ஐம்பத்திரண்டு மணி நேரம். விலை நானூற்று இருபது டாலர். மூன்று மாதத்துக்குள் குறையிருந்தால் முழுப் பணம் திருப்பித் தரப்படும்." அழகான அட்டை. வாசகம் என்னுடையது. அது போட ஆரம்பித்த பிறகுதான் விற்பனை ஏறினது. வெளியே சாம்பிள், முப்பத்தைந்து. உள்ளே நானூற்று இருபது. அவனுக்கு வேறென்ன வேண்டும்?

அட்டையை எடுத்துவிடச் சொல்லியிருக்கக் கூடாதா என்கிறீர்கள். சொன்னேன் சார். சொன்னதாகத்தான் ஞாபகம். பேக்கிங் மேஜை சுகுணா பொறுப்பு. அவள் கொஞ்சம் பார்த்திருக்கலாம். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அது வேறு விஷயம். ஆனால் நானூற்று இருபது என்கிற எண் எண்தானே? யாருக்கும் தெரியுமே? இதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் மனசு கஷ்டப்படும். நானாகப் பொறுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் சுகுணா ஹேர் ஆர்ட்ஸ் என்று பேர் போட்ட எந்தப் பெட்டியும் நகரவில்லை. நாற்பத்து மூன்று பெட்டி. முழு விலைக்கு வரி, பொய் எழுதினதற்கு அபராதம், குடோனில் கிடக்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை. ஏற்கெனவே போய்ச் சேர்ந்ததையும் தோண்ட ஆரம்பித்தார்கள். திருப்பிக் கொண்டுவரலாம் என்றால் அதற்கு ஒரு கூலி. இங்கே வந்து இறங்கினால் நம் ஊர் சுங்கத்தில், போகும்போது முப்பத்தைந்து டாலர் சாம்பிள், வரும்போது நானூற்று இருபது டாலர் பீஸா, இது அதே சரக்குதானா என்று கேட்பார்கள். நம் ஊர் முடி சார். இந்தப் பக்கத்து அம்மாக்கள் தலையிலிருந்து எடுத்தது. அது திரும்பி வந்தால் நம்மிடமே இறக்குமதி வரி.

கூரியர் பக்கத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் எதிரே இரண்டே கட்டம்தான். திருப்பி அனுப்பு. அழித்துவிடு. அழிக்கத்தான் செலவு குறைவு. முதலாளி, "அழிச்சிடுய்யா, தலை முழுகு" என்றார்.

அன்றைக்கு நான் வேலையை சீக்கிரம் ஆரம்பித்திருந்தேன், பெண்கள் இன்னும் கிளம்பவில்லை. சுகுணா என் பின்னால் வந்து நின்றாள். "இன்னாண்ணா பண்றீங்க?"

"போய்ச் சேராத பெட்டிய அழிக்கச் சொல்லிட்டு இருக்கேன்மா."

"அழிக்கறதுன்னா? எதுல அழிப்பாங்க? கொளுத்துவாங்களா?"

எனக்கு எப்படித் தெரியும்? கொளுத்துவார்களாக இருக்கும் என்றேன்.

திரையில் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பீஸ் படத்தைக் குனிந்து பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "யாருக்கானும் சும்மா குடுத்துடச் சொல்லி எழுதுங்கண்ணா. காசு வாணாம். முடி இல்லாதவங்க அந்த ஊர்ல இல்லாமயா போயிட்டாங்க?"

அவள் சொன்னாளே என்று அதையும் எழுதிப் பார்த்தேன் சார். "இதற்கான கட்டம் படிவத்தில் இல்லை" என்று பதில் வந்தது. இயந்திரம் எழுதின பதில். ஒவ்வொன்றாக அழுத்தினேன். நாற்பத்து மூன்று தடவை. அவள் பக்கத்திலேயே நின்று, "இது எனுது. இதுவும் எனுது. இது மங்காவோடது" என்று படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். போம்மா, பஸ் போயிடும் என்றேன். போகவில்லை.

அதில் ஒன்று மார்லினுடையது. மார்லின் என்று ஒரு அம்மா சார், அறுபத்தெட்டு வயசு. தனியாக இருந்தவர்கள். முடி கொட்டினதிலிருந்து மூன்று மாதமாக வாசலைத் தாண்டவில்லை. எனக்கு எழுதுவார்கள். இன்றைக்கு மருந்து ஏற்றினார்கள். இன்றைக்குப் பனி. வேதா, நீ தூங்குவதே இல்லையா? உங்கள் பெட்டி வந்ததும் நானாகக் கடைக்கு நடந்து போய் ரொட்டி வாங்குவேன் என்பார்கள். வாசலில் ஒரு காசு தர வேண்டாம் என்று நான்தான் உறுதி கொடுத்தேன். பெட்டி குடோனில் மாட்டினபோது, நாளைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று பதினேழு நாள் எழுதினேன். வேறு என்ன எழுதுவது? உண்மையை எழுதினால் மனசு ஒடிந்துபோகும். பதினெட்டாம் நாள் அவர்கள் மகள் எழுதினாள். ஒரே வரி. இனி தேவைப்படாது, பணத்தைத் திருப்பி அனுப்பவும்.

பணம் திருப்பினோமா என்று கேட்கிறீர்களா? அது முதலாளி கையில் இருக்கிற விஷயம்.

கன்னிகைப்பேர் ஸ்டாப் போயிற்றா? இன்னும் கொஞ்ச நேரம்தான். சுருக்கமாகச் சொல்கிறேன்.

மார்கழியில் நோட்டீஸ் வந்தது. கூரியர் கம்பெனி வக்கீல் நோட்டீஸ் ஒன்று, சுங்கத்திலிருந்து விசாரணைக் கடிதம் ஒன்று. இரண்டும் சுகுணா பேருக்கு, அவள் வீட்டு விலாசத்துக்கு. வரி, அபராதம், குடோன் வாடகை எல்லாம் சேர்த்துப் பதினான்கு லட்சத்துச் சொச்சம். எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். "இன்னாண்ணா இது, கவர்மென்ட் முத்திரையெல்லாம் போட்டுருக்கு. முதலாளி ஆனதுக்கு வாழ்த்தா?" விளையாட்டாகத்தான் கேட்டாள். வாங்கி மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். "நான் பாத்துக்கறேன்மா. நீ கவலைப்படாத" என்றேன். அவளும் சரி என்று போய்விட்டாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். போர்டைக் கழற்றிவிட்டார்கள். பொங்கலுக்கு அவளுக்கு ஒன்றும் தரவில்லை. நான் என் கையிலிருந்து ஒரு கிலோ வெல்லம் வாங்கிக் கொடுத்தனுப்பினேன்.

நேற்று மகிபாலன் கூப்பிட்டார். வக்கீல் உட்கார்ந்திருந்தார். "யார் பேர்ல இருக்கோ அவங்கதானய்யா பொறுப்பு? அது சட்டம். இந்தத் தாள்ல அந்தப் பொண்ணு கையெழுத்து நாளன்னிக்குப் பத்து மணிக்குள்ள வரணும். இல்லன்னா எல்லா லேபிளும் யார் கம்ப்யூட்டர்ல அச்சாச்சுன்னு கேட்பாங்க. நான் பொய் சொல்ல முடியாது பாரு, வேதா." ஒன்பது வருஷம் என் எழுத்தில் மனசு இருக்கிறது என்று சொன்னவர். தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். எனக்கு நாற்பத்தொன்பது வயசு சார். லாட்ஜை இடித்துவிட்டார்கள். ராத்திரி விழித்திருக்கிறதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்?

கையெழுத்துப் போட்டால் அவளுக்கு ஐம்பதாயிரம் தருகிறேன் என்றிருக்கிறார். எல்லாம் அடங்கினதும் மறுபடியும் வேலை. அந்த வரியைக் குறைக்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சும் ஓடுகிறது, உங்கள் பேப்பரில்கூடப் போட்டிருப்பார்கள். குறைத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இதைத்தான் அவளுக்கு எடுத்துச் சொல்லப் போகிறேன். அவளுக்கு நல்லதுதான்.

இதோ தாள். பிடியுங்கள். ஸ்டாம்ப் பேப்பர், ஒரே பிரதிதான், மடித்துவிடாதீர்கள். ஒரு உதவி செய்யுங்கள் சார். வக்கீல் இங்கிலீஷ், நான் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். அவளுக்குப் படித்துக் காட்டும்போது திக்கக் கூடாது. சரியாக வருகிறதா பாருங்கள். "நான், சுகுணா. கம்பெனி என் பேரில் இருந்தது. பெட்டிகள் என் பேரில் போயின. விலை எழுதினதில் தவறு நடந்துவிட்டது. விசாரணைக்கு ஒத்துழைப்பேன்." அவ்வளவுதான்.

எந்த வரி? நாலாவதா? "யாருடைய தூண்டுதலும் இல்லாமல் என் சொந்த முடிவில்." ஆமாம், இருக்கிறது. அதற்குக் கீழேயா? படிக்கிறீர்களே சார், முழுசாக. "மேற்படித் தொகை முழுவதையும் என் மனை மற்றும் வீட்டிலிருந்து வசூலித்துக்கொள்ள இதன் மூலம் சம்மதிக்கிறேன்." சர்வே எண்ணும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டா நகலைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள்.

அதைப் படித்துக் காட்ட மாட்டேன் சார். காட்டினால் பயந்துபோவாள். வீடு போய்விடும் என்று அழுவாள், அவள் அம்மா நெஞ்சில் அடித்துக்கொள்ளும். எதற்கு? வக்கீல் சொல்கிறார், எழுதுகிறதுதான் அப்படி, வீடு வரைக்கும் போக மாட்டார்கள் என்று. போக மாட்டார்கள்தானே? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். போனாலும் வருஷக் கணக்கில் ஆகும். அதுவரை நிம்மதியாக இருக்கட்டுமே. அவள் மனசு எனக்குத் தெரியும். மார்லினுக்கும் நான் அப்படித்தான் செய்தேன், கடைசி நாள் வரைக்கும் அந்த அம்மா பெட்டி வரும் என்று நம்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

கீழே இன்னும் ஒரு இடம் காலியாக இருக்கிறது பாருங்கள். சாட்சி. அங்கே உங்கள் கையெழுத்து இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். விலாசம் எழுத வேண்டும், அவ்வளவுதான். பேனா என்னிடம் இருக்கிறது. வேண்டாமா? பரவாயில்லை. கண்டக்டரைக் கேட்கலாம். யாராவது போடுவார்கள்.

பெரியபாளையம் எப்போது வந்தது, அதற்கப்புறம் இரண்டு ஸ்டாப்பும் போய்விட்டதா? அந்தப் பச்சைப் புடவை அம்மாவைக் காணோமே. பேச்சில் கவனிக்கவில்லை. அப்படியானால் அடுத்ததுதான் என் ஸ்டாப்.

அதோ, அதுதான் சுகுணா. டீக்கடை நிழலில், குடையோடு. பாருங்கள், நல்ல புடவை கட்டி வந்திருக்கிறாள். வேலை விஷயமாக வருகிறேன் என்று போனில் சொன்னேன், திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அதுவும் பொய் இல்லையே. சிரிக்கிறாள் பாருங்கள், என்னைப் பார்த்துவிட்டாள்.

தாளைக் கொடுங்கள் சார். நேரமாகிறது.

சார், நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள்? ஊத்துக்கோட்டைக்குத்தானே டிக்கெட் வாங்கினீர்கள்? இன்னும் தூரம் இருக்கிறது. வழி விடுங்கள், நான்தான் இறங்க வேண்டும். கண்டக்டர், கொஞ்சம் நிறுத்துங்க, நானும் இறங்கணும். அவளுக்கு ஒன்றும் தெரியாது சார், அவளிடம் போய் நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள்? சார், அது ஸ்டாம்ப் பேப்பர். சார்! சுகுணா! அவரு யாரோ தெரியாதவரும்மா, அவரு படிச்சுக் காட்டறத கேக்காத, நான் வந்துட்டே இருக்கேன்!